விளக்கணைத்த பூம்பாறைக்கு நன்றி

பூம்பாறைப் பெரியவர்களுக்கும் அக்கா, அண்ணன்மாருக்கும் வணக்கம்.

மாசி அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் உங்கள் ஊரில் வானம் பார்த்தோம். தொலைநோக்கியை எப்படியும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். இருட்டை நீங்கள்தான் தர வேண்டியிருந்தது.

முதல் நன்றி பஞ்சாயத்துக்கும் லைன்மேன் அண்ணனுக்கும். எட்டு மணிக்குமேல் தெருவிளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டபோது, "காட்டெருமை வந்தால் யார் பொறுப்பு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். வனக்காவலர்கள் வரப்போரம் வந்து நின்ற பிறகுதான் காரியம் நடந்தது. மறுநாள் டீக்கடையும் வீட்டு வாசல் பல்புகளும் யாரும் சொல்லாமலே அணைந்தன. (தூரத்து விடுதி ஒன்றின் நீல விளக்கு மட்டும் கடைசிவரை அசையவில்லை. போகட்டும்.) கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒரு செல்போன் வெளிச்சம் பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு கெடுக்காது என்பதால், டார்ச்சுகளுக்கெல்லாம் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டித் தந்தார்கள் பள்ளிப் பிள்ளைகள். அந்த வேலையை எங்களைவிட ஒழுங்காகச் செய்தார்கள்.

பூண்டு எடுத்த வயலை எங்களுக்கு விட்டுக்கொடுத்த ஐயாவுக்கு நன்றி. அந்தப் படிக்கட்டு வயலில் தெற்கே தடையே இல்லை. அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தென்சிலுவையும் கிடைத்தது. வடக்கேதான் மலை மறைத்தது. இங்கிருந்து துருவ நட்சத்திரம் பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதைக் காட்ட வழியில்லாமல் போயிற்று.

மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில் வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் வாளில் புகைபோலத் தெரிந்ததே, அந்த வாயுமேகம் சுமார் 1300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயில் எழும்பிய காலத்தை ஒட்டிக் கிளம்பிய ஒளி அது. "அப்போ இப்ப அது இருக்கா?" என்று கேட்ட ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குத் தனியாக நன்றி. அன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்வியில்தான் ஓடியது.

தை மாதம் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருந்தது. பட்டப்பகலில் ஐயர் காட்டிய அருந்ததியை அன்றுதான் நிஜமாகப் பார்த்தார்கள். தொலைநோக்கியில் அருந்ததிக்குப் பக்கத்து வசிஷ்டரே இரண்டு நட்சத்திரமாகப் பிரிந்து தெரிய, அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கூட்டமே கலைந்துவிட்டது.

மாசியில் கார்த்திகை நட்சத்திரக் கொத்து மலைக்குப் பின்னால் இறங்கினால் நடுச்சாமம் என்றார் ஒரு பாட்டி. அந்தக் காலத்தில் பன்றிக்காவலுக்குப் போனவர்களின் கணக்காம். அதன் கடைசி நட்சத்திரமும் மறைந்தபோது கடிகாரம் பார்த்தோம், பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடம். பாட்டி, எங்கள் செயலியை உங்களிடம்தான் சரிபார்க்க வேண்டும்!

பனிமூட்டம் இறங்கிய இரவுகளில் வராந்தாவைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும் நன்றி. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது நம் கொடைக்கானல் ஆய்வகத்தில்தான் என்ற கதையை அங்கேதான் பேசினோம். சுக்குக் காப்பி போட்டுத் தந்த அக்காவைச் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை காப்பி கிடைக்காது. நன்றி அக்கா.

அப்புறம், யாரோ ஒருவரின் சாம்பல் நிறக் கம்பளியும் ஒரு குழந்தைக் குல்லாவும் எங்கள் சாமானோடு வந்துவிட்டன. இரண்டையும் துவைத்து டீக்கடையில் கொடுத்திருக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வானம் பார்க்க வந்தவர்கள்