ஹமார்த்தியா பாவம் அல்ல: கிரேக்க நாடகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இலக்கியம் படிக்கும் என் தங்கை மகளின் நோட்டைப் புரட்டினேன். "ஹமார்த்தியா = பாவம். ஈடிபஸின் பாவம் ஆணவம்" என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தாள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். ஹமார்த்தியா என்பது, துயர நாடகத் தலைவனின் வீழ்ச்சிக்குக் காரணமாகக் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் சொன்ன சொல். ஈடிபஸோ, யாரென்று தெரியாமல் தன் தகப்பனைக் கொன்று தாயை மணந்த மன்னன்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ஹமார்த்தியாவைத் தமிழ் பைபிள் பாவம் என்கிறது. அங்கே அது பொருந்தும். ஈடிபஸ் நாடகங்களை எழுதிய சோஃபக்ளிஸும் அரிஸ்டாட்டிலும் அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர்கள். அவர்களுக்கும் முந்திய காவியக் கவி ஹோமரில், எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்லும் வினைச்சொல்லுக்கும் இதே வேர்தான்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸில் வழக்குரைகள் எழுதிவந்த ஆன்டிஃபோன் ஒரு கற்பனை வழக்கை எழுதினார். பயிற்சிக் களத்தில் ஓர் இளைஞன் ஈட்டி எறிகிறான். குறுக்கே ஓடிய சிறுவன் மேல் அது பாய்கிறது. பையன் இறந்துபோகிறான். வேண்டுமென்று கொன்றான் என்று, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனே சொல்லவில்லை. எறிந்தவனின் தகப்பனோ, "என் மகன் குறி பார்த்துத்தான் எறிந்தான், குறுக்கே வந்தவன்தான் தவறிவிட்டான்" என்று வாதாடுகிறார். அந்தத் 'தவறு'தான் ஹமார்த்தியா. செத்த பிள்ளையின் தலையிலேயே பழியா என்று எதிர்த்தரப்பு துடிக்கிறது. படிக்கிற நமக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலின் 13ஆம் இயலில், கெட்ட குணத்தால் அல்ல, ஏதோ ஒரு ஹமார்த்தியாவால் வீழ்பவனைப் பற்றிப் பேசி, ஈடிபஸைப் பெயர் சொல்லியே காட்டுகிறார். அறியாமல் செய்ததையும் மனமறிந்து செய்ததையும் தம் அறவியல் நூலில் அவ்வளவு கவனமாகப் பிரித்தவர் அவர். குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்குச் சட்டம் இரட்டைத் தண்டனை தருவதை எடுத்துக்காட்டுகிறார், குடிக்காமலிருப்பது அவன் கையில்தானே இருந்தது!

அதற்காக, அறியாமல் செய்தவனை ஏதென்ஸ் சும்மா விட்டுவிடவில்லை. ஏதென்ஸுக்குப் பழைய சட்டங்களை வகுத்த டிராக்கோவின் சட்டப்படி, எண்ணாமல் கொன்றவனும் நாட்டைவிட்டுப் போயாக வேண்டும். இறந்தவனின் தகப்பன், சகோதரர்கள், மகன்கள் என இருக்கிறவர்கள் அத்தனை பேரும் மன்னித்தால்தான் திரும்பலாம், ஒருவர் மறுத்தாலும் முடியாது. சோஃபக்ளிஸின் 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில் கிழ ஈடிபஸ் தன்மேல் குற்றமில்லை என்று உரக்கச் சொல்கிறான். ஆனாலும், மகள்களை மீட்டுத் தந்த ஏதென்ஸ் மன்னன் தீசியஸின் கையைத் தொட நீட்டிய கையை, தன் தீட்டை நினைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். ஆணவம் என்று ஒரே சொல்லில் விடை எழுதும் மாணவர் இந்தக் கையைப் பார்ப்பதேயில்லை.

தமிழில் 'குறி தவறியது' என்கிறோம். தவறு என்ற சொல் நம்மிடமே இருக்கிறது. அடுத்த வகுப்பில் கரும்பலகையில் பாவத்தை அழித்துவிட்டு அதை எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்