மோட்டாரின் அளவுருக்களும் 'எந்நேரமும்' என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்மோட்டார் கட்டுப்பாடு குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, பெரும்பாலும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. ஆயினும், அப்சர்வர் என்னும் கணிப்பு முறையால் மோட்டாரின் மின்தடை முதலிய அளவுருக்களை 'எந்நேரமும்' அறியலாம் என்ற வரியை அப்படியே ஏற்பதற்கில்லை.

1964-இல் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் லூயன்பெர்கர் முன்வைத்த இம்முறையில், உண்மையான மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தமே அதன் கணித மாதிரிக்கும் தரப்படுகிறது. மாதிரி கணிக்கும் மின்னோட்டமும் அளந்தறிந்த மின்னோட்டமும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அதற்கேற்ப மாதிரி திருத்தப்படுகிறது. அளவுருக்களையும் இவ்வாறே கணிக்கும் முறைகள் பின்னர் வந்தன. அவற்றின் தேவை உண்மையானது. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவதால், சுருள் 100 டிகிரி சூடேறினால் குளிர்ந்த நிலையில் அளந்த எண் கிட்டத்தட்ட 40 சதவீதம் தவறிவிடும்.

சிக்கல் மோட்டார் ஒரே வேகத்தில், ஒரே சுமையில் ஓடும்போது எழுகிறது. நிலைக்காந்த ஒத்தியங்கு மோட்டாரில் மின்தடை, இரு அச்சுகளின் (காந்தப்பாயத்தின் திசை, அதற்குச் செங்குத்தான திசை) மின்தூண்டல்கள், காந்தப்பாயம் என அறிய வேண்டியவை நான்கு. சீரான ஓட்டம் தருவதோ இரண்டே சமன்பாடுகள். எத்தனை முறை அளந்தாலும் அதே இரண்டுதான் திரும்ப வரும் என்பதால், தவறான எண்களின் சேர்க்கையும் அவற்றுக்குப் பொருந்தி, மாதிரிக்கும் அளவீட்டுக்கும் இடையிலான பிழை பூச்சியமாகிவிடும். அந்தப் பூச்சியத்தைக் கண்டு மகிழ்ந்துவிட்டு, பின்னர் சுருளின் மின்தடையை நேரடியாக அளந்து பார்த்து நான் நாணியதும் உண்டு.

காந்தப்பாயத்தின் திசையில் சிறிதளவு மின்னோட்டத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தால் கூடுதல் சமன்பாடுகள் கிடைக்கும். ஆனால் அதற்கு விலையாக இழப்பு கூடும், முறுக்குவிசையிலும் அதிர்வு தோன்றலாம். வேக சென்சார் இல்லாத தூண்டல் மோட்டாரிலும் இதே தடை உண்டு: காந்தப்பாயம் மாறாத சீரான ஓட்டத்தில் வேகத்தையும் ரோட்டாரின் (சுழலும் பகுதியின்) மின்தடையையும் ஒருசேரப் பிரித்தறிய இயலாது. மிகக் குறைந்த வேகத்திலோ, மோட்டாருக்கு மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டரின் மின்னழுத்தப் பிழையே மின்தடையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

எனவே, கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமாயின், 'எந்நேரமும்' என்பதை 'போதிய மாற்றம் உள்ள ஓட்டத்தில்' எனத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பொறியியல் துறை வாசகர் ஒருவர்