யாரை இடம் மாற்றினார்கள் தெரியுமா?

ராணிப்பேட்டை

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ எழுதி முடித்தாள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. எனக்கு முழங்கால் வலிதான், மற்றபடி சுகம்.

உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண் ஒருத்தி, 22 வயது, கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். பீஸ் பார்க்கும் சாக்கில் சூப்பர்வைசர் அவள் தோளில் கை வைப்பான். ராத்திரியில் மெசேஜ் அனுப்புவான். பதில் போடவில்லையென்றால் மறுநாள் டார்கெட் ஏறும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெச்.ஆரிடம் போய்ச் சொன்னாள். ஒரே வாரத்தில் ஆளை மாற்றினார்கள். அவனை இல்லை, அவளை. மெஷினில் அவ்வளவு சுத்தமாகத் தைப்பவளைப் பசை தடவும் இடத்தில் நிற்கவைத்துவிட்டு, "உன் பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார்களாம்.

எனக்கு மனசு ஆறவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கான புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் கேண்டீன் சுவரிலும் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதில் தலைவி என்று போட்டிருக்கும் மேடம் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது! விசாரணை முடியும்வரை அவளையோ அவனையோ இடம் மாற்றலாம், ஆனால் புகார் கொடுத்தவள் எழுதிக் கேட்க வேண்டும். மூன்று மாதம் வரை லீவும் கேட்கலாம். இவள் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் தூக்கிப் போட்டால் அதற்குப் பெயர் தண்டனை.

புகார் கொடுக்கப் பொதுவாக மூன்று மாதம் கெடு. பாதி போய்விட்டது. அவள் அம்மாவுக்கு ஊர் வாய்க்குப் பயம். நான் வீட்டுக்கே போய்ப் பேசி, திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு அவளைக் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். நடந்ததையும், கம்பெனியில் குழுவே இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினோம். மெசேஜ் ஒன்றைக்கூட அழிக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

அங்கே பெஞ்சில் காத்திருந்தபோது உன் நினைப்புதான். 2009-ல் நீ உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலையை விட்டு நின்றாய். டிபன் பாக்ஸைக்கூட எடுத்துப் போகவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கேட்டால் என் வேலைக்கும் வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அவளும் இப்போது நின்றுவிடலாமா என்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டு நம்பரை அனுப்புகிறேன். உனக்கு மனசு வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொஞ்சம் பேசு.

அன்புடன்,
உன் பழைய லைன் தோழி