மதுரை இன்ஸ்டா பேஜ் நடத்துற தம்பிகளுக்கு: அந்த ஸ்லாட் ப்ரொமோஷன எடுக்காதீங்க

மதுரை பேர்ல சாப்பாட்டு பேஜ், மீம் பேஜ், ஜல்லிக்கட்டு பேஜ் நடத்துற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

நான் செல்லூர்ல நெட் சென்டர் வச்சிருக்கேன். உங்க பேஜ்லாம் விடாம பாக்குறவன். சித்திரை திருவிழாவுக்கு எந்த ரோட்ட அடைச்சிருக்காய்ங்க, எங்க வண்டிய விடலாம்னு ஜனங்க மொதல்ல உங்க ஸ்டோரிய தான் பாக்குதுக, அந்த நம்பிக்கை லேசுல வந்ததில்ல. அத தான் இப்ப ஸ்லாட் ஆப்காரய்ங்க, அதான் பட்டன அமுக்கி படத்த சுத்த விட்டு பந்தயம் கட்டுற சூதாட்ட ஆப்ப நடத்துறவய்ங்க, உங்ககிட்ட காசு குடுத்து வாங்குறாய்ங்க.

கொஞ்ச நாளாவே பரோட்டா ரீல்ஸ் முடியுற எடத்துல "டெபாசிட் வேணாம், காயின் ஃப்ரீ, சும்மா சுத்துங்க, ஜெயிச்சத பேங்க்ல வாங்குங்க"னு ஒரு லிங்க் வருது. உங்கள்ல ஒரு தம்பிட்ட நேர்லயே கேட்டேன். "நாங்க செக் பண்ணிட்டு தாண்ணே போடுறோம், 200 ரூவா வித்ட்ரா குடுத்து பாத்தோம், உடனே ஏறிருச்சு, ஜென்யூன் தாண்ணே"னு சொன்னாப்ல. அந்த பதில் தான் இந்த மடல எழுத வச்சுது, ஏன்னா அந்த தம்பி பொய் சொல்லல, நெசமாவே அப்டி நம்புறாப்ல. ஆனா சின்ன தொகைய உடனே குடுக்குறது தான் அவய்ங்க தொழிலே. அந்த 200 ரூவாய அவய்ங்க விளம்பர செலவுல எழுதிக்கிறாய்ங்க. அத வாங்குன ஸ்க்ரீன்ஷாட்ட நீங்களே ஸ்டோரில போட்டு விடுறீங்க, அத பாத்து ஒருத்தர் 5,000 போடுறாரு, ஸ்க்ரீன்ல 40,000னு காட்டுது, எடுக்க போனா அங்க தான் கதவு சாத்துது.

சாத்துற விதம் ஒன்னு போல தான் இருக்கு. மொதல்ல கேஒய்சினு ஆதார், பான், செல்ஃபி எல்லாம் வாங்கிக்கிறாய்ங்க. அப்பறம் "30 சதவீதம் டிடிஎஸ் கட்டுனா தான் காசு ரிலீஸ் ஆகும்"னு மெசேஜ் வரும். இங்க தான் படிச்சவங்களும் ஏமாறுறாங்க, ஏன்னா ஆன்லைன் கேம்ல ஜெயிச்ச காசுக்கு 30 சதவீதம் வரிங்கறது உண்மை தான, 2023 ஏப்ரல்லேருந்து அதுக்கு தனி பிரிவே இருக்கு. ஆனா டிடிஎஸ்ங்கறது குடுக்குறவன் குடுக்குற காசுலயே பிடிச்சிட்டு மிச்சத்த குடுக்குறது, வாங்குறவன்ட்ட முன்கூட்டியே ஜிபேல அனுப்ப சொல்றதுக்கு பேரு வரி கெடையாது. அந்த ஜிபே நம்பரையும் பாருங்க, காலைல ஒரு பேர்ல இருக்கும், சாயங்காலம் வேற பேர்ல இருக்கும். அதெல்லாம் கமிஷனுக்கு ஆசப்பட்டு அக்கவுண்ட வாடகைக்கு விட்ட பயலுக பேரு. கம்ப்ளைண்ட் போனா மொதல்ல முடங்குறது அந்த பயலுக அக்கவுண்டு தான், மேல இருக்கவன் எங்க இருக்கான்னே தெரியாது. என் கடைக்கு இப்டி காச விட்டுட்டு பேங்க் ஸ்டேட்மெண்ட் பிரிண்ட் எடுக்க வர்றவங்கள்ல தையல் வேல பாக்குற அக்காவும் இருக்காங்க, ஷேர் ஆட்டோ ஓட்டுற அண்ணனும் இருக்காரு, காலேஜ் படிக்கிற பிள்ளைகளும் இருக்கு, எந்த பேஜ்ல பாத்தீங்கனு கேட்டா உங்க பேஜ்கள்ல ஒன்ன தான் சொல்றாங்க. எனக்கு அப்ப வர்ற வருத்தம் இருக்கே, சொல்லி மாளாது.

"வெளிநாட்ல இது லீகல்ணே, ஸ்வீப்ஸ்டேக்ஸ் மாடல்"னு உங்களுக்கு இந்த ப்ரொமோஷன புடிச்சு குடுக்குற புரோக்கர் சொல்லிருப்பான். அது என்னனு தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்கால அந்த சைட்டுகள்ல ரெண்டு வகை காயின் இருக்கும். கோல்ட் காயின் வெறும் விளையாட்டுக்கு, ஸ்வீப்ஸ் காயின காசா மாத்தலாம். காசு குடுத்து வாங்குறது கோல்ட் காயின் தான், ஸ்வீப்ஸ் காயின் கூட வர்ற போனஸ்னு கணக்கு காட்டுவாய்ங்க. எதுவும் வாங்க வேணாம், தபால்ல லெட்டர் எழுதி போட்டாலும் ஃப்ரீயா தருவோம்னு நிபந்தனைல இருக்கும், அத வச்சு தான் இது சூதாட்டம் இல்ல, பரிசு போட்டினு வாதாடுறாய்ங்க. அந்த வாதம் அங்கயே செல்லாம போய்ட்டு இருக்கு, 2025ல மட்டும் மொண்டானா, கனெக்டிகட், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியானு வரிசையா தடை சட்டம் போட்டுட்டாங்க. இன்னொன்னு, அந்த ஒரிஜினல் சைட்டுகள் அந்த நாட்டு அட்ரஸ் ப்ரூஃப் இல்லாம காசு தராது. அப்ப திருமங்கலத்துலயும் மேலூர்லயும் இருக்கவங்களுக்கு காசு தர்றேன்னு ஏபிகே ஃபைல, அதான் ப்ளே ஸ்டோர் இல்லாம நேரா போன்ல ஏத்துற ஆப் ஃபைல, டெலிகிராம்ல அனுப்புறவன் யாரு? அந்த பேர ஒட்டிக்கிட்டு வந்த வேற எவனோ. கீழ ஒட்டிருக்க லைசன்ஸ் முத்திரைய தொட்டு பாருங்க, நெசமானதுனா அத குடுத்த அமைப்போட சைட்டுக்கு போகணும், இது வெறும் படம், எங்கயும் போகாது.

சரி, நேர்மையான ஸ்லாட்டுனே வச்சுக்குவோம். 1,000 ரூவா போனஸ், அந்த தொகைக்கு 30 மடங்கு பந்தயம் கட்டுன பெறகு தான் எடுக்கலாம்னு ஒரு வரி குட்டி எழுத்துல இருக்கும். அப்டினா மொத்தம் 30,000 ரூவாக்கு பந்தயம் கட்டணும். 96 சதவீதம் திருப்பி தர்ற மிஷின்னு அவய்ங்களே சொன்னாலும் 100க்கு 4 அவய்ங்களுக்கு, 30,000க்கு சராசரியா 1,200 போயிரும். போனஸே 1,000 தான். பாலோயர்ஸ்க்கு இந்த கணக்க சொல்லிட்டா லிங்க் குடுக்குறீங்க?

இப்ப உங்க கழுத்துக்கு வர்ற விசயம். தமிழ்நாட்டு ஆன்லைன் சூதாட்ட தடை சட்டம் 2023 ஏப்ரல்லேருந்து அமல்ல இருக்கு, விளம்பரம் பண்றவங்களுக்கு ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ரம்மிக்கும் போக்கருக்கும் 2023 நவம்பர்ல ஹைகோர்ட் விலக்கு குடுத்துச்சே, அதே மாதிரி தானனு கேக்காதீங்க, அது ரெண்டும் திறமை ஆட்டம்னு குடுத்தது, ஸ்லாட்ல என்ன திறமை இருக்கு, பட்டன அமுக்குறது தான். அதுக்கு மேல 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட் போட்ட சட்டம் திறமை, அதிர்ஷ்டம்னு பாக்கல, ஆன்லைன்ல பந்தய காசு கட்டி ஆடுற எல்லாத்தயும் தடை பண்ணிருச்சு, காசு குடுத்து வாங்குற காயினும் டோக்கனும் காசு கணக்கு தான்னு அதுலயே எழுதிருக்கு, விளம்பரத்துக்கு 2 வருசம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம். வெளிநாட்டு ஸ்வீப்ஸ்டேக்ஸுக்கு இங்கேருந்து காசு அனுப்பவே கூடாதுனு 2000லயே ஃபெமாங்கற அன்னிய செலாவணி சட்டத்தோட விதில பேர் சொல்லி போட்ருக்கு. லாட்டரி சீட்டயே 2003ல தடை பண்ண ஊரு இது. 2020ல ரம்மி விளம்பரத்துல நடிச்ச பெரிய பெரிய ஆளுகளுக்கே நோட்டீஸ் அனுப்புனது நம்ம ஒத்தக்கடை பக்கம் இருக்க ஹைகோர்ட் கிளை தான். உங்களுக்கு வக்கீல் வச்சு பேச யாரு இருக்கா? புரோக்கர் நம்பர் அன்னைக்கே ஸ்விட்ச் ஆஃப் ஆயிரும், ஸ்டேஷன்ல போய் உக்கார்றது உங்க அப்பா அம்மா தான்.

அதனால செக் பண்றதுனா வித்ட்ரா போட்டு பாக்குறது இல்ல தம்பிகளா. நம்ம ஊருக்கு காசு தர்ற ஸ்லாட்டுனு சொன்னாலே அங்கயே வேணாம்னு சொல்லிருங்க, மேற்கொண்டு ஆராய ஒன்னும் இல்ல.

ஏற்கனவே போட்டது இருந்தா பயோ லிங்க், ஹைலைட், பழைய ரீல்ஸ்னு எல்லாத்துலயும் தேடி இன்னைக்கே எடுங்க. எடுத்துட்டு கம்முனு இருந்துறாதீங்க, அந்த ஆப்ப நம்பாதீங்கனு ஒரு ஸ்டோரி போடுங்க, காசு போனவங்க உடனே 1930க்கு போன் அடிக்கணும், காசு அனுப்புனதுக்கு பேங்க்ல வர்ற யூடிஆர் நம்பர கைல வச்சுக்கணும், சைபர்கிரைம்.கவ்.இன்ல புகார் பதியணும்னு அதுல எழுதுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றாங்களோ அவ்வளவுக்கு காசு கை மாறுறதுக்குள்ள நிறுத்த வாய்ப்பு இருக்கு. புகார் பதிய தெரியாதவங்கள என் கடைக்கு அனுப்புங்க, நான் காசு வாங்காம பதிஞ்சு குடுக்குறேன். உங்கள்ட்ட பேசுன புரோக்கரோட சாட்டையும் அழிக்காம வச்சுருங்க, கேஸுக்கு அது தான் வேணும்.

பேஜ் நடத்த செலவு இருக்குனு எனக்கும் தெரியும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடக்காரங்க, எங்க செல்லூர் துண்டு யாவாரிங்க கொஞ்ச பேர எனக்கு பழக்கம், ஆடி தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் உங்க பேஜ்ல விளம்பரம் குடுக்க சொல்லி நானே கூட்டிட்டு போய் பேச வைக்கிறேன். காசு கொறச்சலா தான் வரும். வாங்க, பேசுவோம்.