லெஸ்டர்லேர்ந்து அம்மாவுக்கு, கறி விஷயமா

அஸ்ஸலாமு அலைக்கும் அம்மா. அத்தாவுக்கும் சலாம் சொல்லுங்க. மூஞ்சிக்கல்ல மழை விட்டுச்சா, மாடி ஒழுகுறத சரி பண்ணியாச்சா?

போன் போட்டாலே "கறி ஹலால்தானேடி"ன்னுதான் கேக்குறீங்க, அதான் விவரமா எழுதுறேன். லெஸ்டர்ல அந்தக் கவலையே வேணாம்மா, தெருவுக்குத் தெரு பாய் கடை, நிறைய பேர் குஜராத்திக்காரங்க. இங்க இங்கிலாந்துல சட்டப்படி ஆடுமாட்டை உணர்வு போக மயக்கிட்டுத்தான் அறுக்கணும், நம்ம அறுப்புக்கும் யூதங்க அறுப்புக்கும் மட்டும் விலக்கு இருக்கு. ஆனா ஹலால்னு போர்டு போட்டதுலயே மயக்கி அறுத்ததும் இருக்கு, மயக்காததும் இருக்கு. எச்எம்சின்னு, அதாவது ஹலால் மானிட்டரிங் கமிட்டின்னு ஒரு அமைப்பு, 2003ல ஆரம்பிச்சது, ஆபீஸும் இந்த ஊர்லதான், அவங்க மயக்குனத ஒத்துக்க மாட்டாங்க. அவங்க சர்டிபிகேட் மாட்டுன கடையிலதான் வாங்குறேன், போதுமா?

தலைவலியே கிச்சன்லதான். கூட இருக்க போலந்து பொண்ணு தங்கமான புள்ள, ஆனா காலையில பன்னிக்கறி வறுத்துட்டு அந்தச் சட்டியத் தேய்ச்ச ஸ்பாஞ்ச அப்படியே சிங்க்ல போட்டுட்டுப் போயிருவா. அதனால எனக்குன்னு கட்டை, கத்தி, குக்கர், ஸ்பாஞ்சு எல்லாமே தனி, எல்லாத்துலயும் பச்சை டேப் ஒட்டிட்டேன், அவளும் தொட மாட்டா.

இப்ப சொல்லப்போறதக் கேட்டுத் திட்டாதீங்க. இங்க கோழியக் கழுவாதீங்கன்னு அரசாங்கமே சொல்லுதும்மா! பைப்ப திறந்து கழுவுனா தண்ணி தெறிச்சு, கேம்பிலோபேக்டர்னு ஒரு கிருமி மேடை, தட்டு, சாலட் வரைக்கும் பரவிருமாம், நல்லா வெந்தாலே செத்துருமாம். ரத்தத் தண்ணி போக வேணாமான்னு கேப்பீங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்டயே கேட்டேன், அறுக்கும்போது பீறிட்டு ஓடுற ரத்தம்தான் ஹராம், சதையில தங்குற சிவப்பு இல்லைன்னுட்டாரு. அதனால கோழியக் கழுவுறதில்ல, டிஷ்யூவால ஒத்தி எடுத்து மஞ்சள், தயிர் பெரட்டி வச்சிடுறேன், வாடையும் வரல.

ஆட்டுக்கறிய மட்டும் கழுவாம விட மனசு வராது, ஏன்னா இங்க கத்தியால வெட்டுறதில்ல, மெஷின் வாள்ல எலும்போட அறுக்குறாங்க, சதை மேல மாவு மாதிரி எலும்புத்தூள் ஒட்டிக்கிட்டு வருது, குழம்புல நறநறன்னு பல்லுல கடிபடும். சட்டியில தண்ணி ரொப்பி தெறிக்காம மெதுவா அலசிட்டு, சிங்க்க சோப்பு போட்டுத் தேய்ச்சிடுவேன். கொழுப்பு வேற எக்கச்சக்கம், மன்னவனூர் பண்ணையில பாத்த கம்பளி ஆடுதான் இங்கயும். எண்ணெயே ஊத்தாம தாளிக்கலாம்னா பாத்துக்கங்க.

பூண்டுதான் சுத்த மோசம், நம்ம பூம்பாறைப் பூண்டு காரம் இதுல எங்க இருக்கு. பெருநாளைக்கு தால்சா வைக்கணும், கடலைப்பருப்பு எவ்வளவு, துவரை எவ்வளவுன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போடுங்கம்மா, கண் அளவுன்னு மட்டும் சொல்லிராதீங்க.