சின்னவனின் புது வேலை

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துவிட்டது, கிணறு பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

சின்னவனுக்கு ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ராம்ப் வேலை, அதாவது பிளேன் நிற்கும் இடத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, கிடைத்தது பெரிய சந்தோசம். ‘பயமான வேலையோ’ என்று கேட்டிருந்தாய். வளைகுடாவில் அதே வேலை பார்த்தவன் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். ஆபத்து உண்டு மச்சான். அதில் முக்கால்வாசி அவசரத்தால் வருவது.

பிளேன் வந்து நின்றதும் கிட்டப் போகக் கூடாது. முதுகிலும் வயிற்றிலும் சிமிட்டும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும், பொறுப்பானவர் கை காட்ட வேண்டும். அதுவரை கோடு தாண்டக் கூடாது. காதில் மூடி போட்டிருப்பதால் எந்த எஞ்சின் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. கண்ணையும் நம்ப முடியாது. சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏடிஆர் 72-ஐயே பார். ஓடும்போது காற்றாடியின் ஆறு அலகும் கண்ணுக்குத் தெரியாது. தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் ஏபியு என்ற துணை எஞ்சின் அதில் இல்லை. அதனால் வலது பக்கக் காற்றாடியை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை மட்டும் மின்சாரத்துக்காக ஓட விடலாம். காற்றாடி அசையாமல் நிற்கும், பின்னால் நெருப்பாய்ப் புகை வந்துகொண்டிருக்கும்.

2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மொண்ட்கொமரியில் ஓர் ஊழியரை எம்பிரேயர் விமானத்தின் எஞ்சின் உள்ளே இழுத்துவிட்டது. ஏபியு பழுது, அதனால் எஞ்சின் ஓடும், கிட்டப் போக வேண்டாம் என்று பிளேன் வருமுன் இரண்டு தடவை கூட்டிச் சொல்லியிருந்தார்கள். சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்த வேலை, கை பழகிய வேலை என்றால் கால் தானாக நடந்துவிடும். அதைத்தான் அவன் அடக்கப் பழக வேண்டும். அங்கே பனிக்காலத்தில் தலைமூடி பக்கப் பார்வையையும் மறைக்கும், திரும்பிப் பார்த்துவிட்டே அடியெடுக்கச் சொல்லு.

இன்னொன்று. சாமான் ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி பிளேனில் லேசாக உரசினாலும் உடனே சொல்லிவிட வேண்டும். போயிங் 787-இன் உடம்பு கார்பன் நாரால் ஆனது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அப்படியே 300 பேர் ஏறிப் பறப்பார்கள். நான் இருந்த இடத்தில் சொன்னவனைத்தான் முதலில் ஏசுவார்கள், அதனால் பலர் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு இன்றும் அது ஆறாத கோபம். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை, சொல்லட்டும்.

சரி, தங்கச்சியின் வீட்டுக் கூரை வேலை முடிந்துவிட்டது, ஓடு மாற்றியாயிற்று. படம் அனுப்புகிறேன். சின்னவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு கதைக்கச் சொல்லு, அவனிடம் கேட்க எனக்கும் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
குமார்
யாழ்ப்பாணம்