மிளகு வீடு வந்து சேர்ந்தாள்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும்,

சிங்கப்பூர்த் தேசிய தினமான ஆகஸ்ட் 9 இரவு, சத்தத்துக்கு மிரண்டு எங்கள் நாய் மிளகு ஓடிப்போனதிலிருந்து நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் எங்களோடு சேர்ந்து அலைந்தவர்கள்தான். அதையெல்லாம் மறுபடி எழுத மனம் வரவில்லை. மிளகு இப்போது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள். பாதத்தில் ஒரு கீறல், கொஞ்சம் மெலிவு, வேறொன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

முதல் நன்றி, பலமாடி கார் நிறுத்துமிடத்தைக் கூட்டும் தம்பிக்கு. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வேலை நேரத்தில் ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

விடிகாலையில் படிக்கட்டுக்கு அடியில், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஏதோ அசைவதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்திருக்கிறார். அப்புறம் சற்றுத் தள்ளி ஒரு படியில், அவளுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. மிரண்டு ஓடிய நாய்க்குத் துரத்துகிறவரும் ஒன்றுதான், ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டே கிட்ட வருகிறவரும் ஒன்றுதான். யாரைக் கண்டாலும் இன்னும் தூரமாக ஓடும். நாய் தேடிப் பழகியவர்கள் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். இந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, “ஊர்ல ஆடு மேச்சிருக்கேன்க்கா, மெரண்டதுகிட்ட நாமளா போவக்கூடாது” என்றார்.

கேட்டரிங் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, குழம்பு படாத வெறும் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துப் படியில் வைத்திருக்கிறார். காரம் ஆகாது என்பது அவர் கணக்கு. குழம்பில் கிடக்கும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. தெரிந்தோ தெரியாமலோ இரண்டிலிருந்தும் அவளைக் காப்பாற்றிவிட்டார். அவருடைய சாப்பாட்டில் பாதிக்கு மேல் அங்கேயே போயிற்று. அவள் தானாகக் கிட்ட வந்த பிறகுதான் வாயைத் திறந்து, “சாப்புடு தாயி, ஒண்ணுமில்ல” என்றாராம். மிளகு வாலை ஆட்டியிருக்கிறாள்! எங்கள் வீட்டில் அவளோடு பேச்செல்லாம் தமிழில்தான்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து என்னை அழைத்தார். “அக்கா, ஒங்க நாயி எங்கூட ஒக்காந்திருக்கு.” அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. பணம் கொடுத்தால் வாங்கவில்லை. ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா, ஊரில் பாப்பாவுக்கு அனுப்பணும் என்று மட்டும் கேட்டார்.

கல்லாங் ஆற்றங்கரை முழுக்கச் சைக்கிளில் சுற்றிய பையன்கள், காப்பிக்கடைத் தூணில் படம் ஒட்ட இடம் கொடுத்த ஆண்ட்டி, நாயைத் தொடாதவராக இருந்தும் நள்ளிரவுவரை டார்ச்சோடு எங்களுடன் நடந்த மக்சிக் (மலாய்க்கார அம்மா), வாட்ஸ்அப்பில் செய்தியைப் பரப்பிய முகம் தெரியாதவர்கள், எல்லோருக்கும் நன்றி.

சிங்கப்பூரில்தான் 1972லேயே பட்டாசைத் தடை செய்துவிட்டார்களே, இங்கே நாய்க்கு என்ன பயம் என்று மதுரையிலிருந்து சித்தி கேட்டார். தீபாவளிக்குச் சரி. ஆனால் தேசிய தினத்துக்கு அரசே வாணவேடிக்கை விடுகிறது. அதிலும் மரீனா பேக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 9 ஒருநாள் கூத்து இல்லை. ஒத்திகை என்று பல வாரங்களுக்கு முன்பே போர் விமானங்கள் தலைக்கு மேல் உறுமத் தொடங்கிவிடும். நம் காதுக்கு எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எட்டும். நமக்காவது நாட்காட்டி இருக்கிறது. அவளுக்கு இது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று யார் சொல்வது? எனக்கும் வாணவேடிக்கை பிடிக்கும், அதை நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதமே தொடங்கப் போகிறேன். விமானச் சத்தத்தை மிக மெல்ல ஓடவிட்டுக் கோழித்துண்டு கொடுத்து, அவள் சாதாரணமாக இருந்தால் மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டுவது. தேசிய தினத்தன்று வெயில் இறங்குவதற்குள் நடை முடிந்துவிட வேண்டும். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், போர் நேரத்தில் ஒதுங்குவதற்கென்று கட்டி, இப்போது தட்டுமுட்டுச் சாமான் அடைத்துக் கிடக்கும் பாதுகாப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரும் கனத்த கான்கிரீட். அதைக் காலி செய்து, கதவைத் திறந்தே வைத்து, மின்விசிறியும் ஒலி 96.8 தமிழ் வானொலியும் ஓட அவளை அங்கே படுக்கவைக்கலாம். பக்கத்தில் நானும் இருப்பேன். பயப்படும் நாயைக் கொஞ்சினால் பயம் அதிகமாகும் என்பதெல்லாம் சும்மா பேச்சு. மருந்து தேவைப்பட்டால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, வெடிச்சத்தம் தொடங்குமுன்பே கொடுப்பது. வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் யோசனை சொன்னவர்களே, தயவுசெய்து வேறு யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள்.

தம்பி, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாங்க. கூட இருக்கும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வரணும்.

ஒட்டிய படங்களையெல்லாம் இன்று மாலை எடுத்துவிடுவோம். எங்காவது விட்டுப்போனது கண்ணில் பட்டால் நீங்களே கிழித்துவிடுங்கள். இன்னமும் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது.